திரும்பும் தண்ணீரின் வழி

திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளில் எந்தச் சிக்கல் வந்தாலும் முதல் பழி பாய்லர் மேல்தான் விழும். லாட் தாமதமானாலும், ஷேடு மாறினாலும் ‘ஸ்டீம் பத்தல’ என்பார்கள். நான் போயிருந்த பட்டறையிலும் அதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக நின்ற சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷின்களில் நான்காவது மட்டும் சூடேற, மற்றவற்றைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. பாலியஸ்டர் துணிக்கு 130 டிகிரி வேண்டும். ஏற்றம் சீராக இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், துணியை மறுபடி சாயத்தில் போட வேண்டியிருக்கும்.

மறுசாயம் என்பது இந்த ஊரில் இரட்டைச் செலவு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் தொழில் மீண்டும் நடக்கிறது. சுத்திகரித்தது போக எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சித்தான் வற்ற வைக்கிறார்கள். சூடேற்றவும் ஆவி, கழிவை வற்ற வைக்கவும் ஆவி. அதனால்தான் ஒரு மெஷினின் மந்தம் முதலாளியிலிருந்து கூலியாள் வரை எல்லோரையும் அரித்தது.

ஃபிட்டர் அண்ணன் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கோவை மில் ஒன்றில் ஹெல்பராகத் தொடங்கியவர். முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு. பாய்லர் கேஜ் 7 கிலோவில் அசையாமல் நிற்பதை ஒரு பார்வை பார்த்தார்.

“பாய்லர உடுங்க. தண்ணி எங்க போகுதுன்னு பாப்போமுங்க.”

அந்த ஒரு வரியில் விஷயம் முழுவதும் இருக்கிறது. 7 கிலோ அழுத்தத்தில் ஆவியின் சூடு 170 டிகிரி. அங்கே ஒரு கிலோ ஆவி தண்ணீராக மாறும்போது 2,000 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தைக் கொடுக்கிறது. மாறிய தண்ணீர் இன்னும் 40 டிகிரி ஆறினாலும் அதிலிருந்து கிடைப்பது 170 கிலோஜூல் அளவுதான். ஆகவே வேலை முடிந்த தண்ணீர் உடனே வெளியேறி, புது ஆவிக்கு இடம் விட வேண்டும். ஆவியைப் பிடித்துவைத்துத் தண்ணீரை மட்டும் விடுகிற சின்னக் கருவிதான் ஸ்டீம் ட்ராப். அங்கே தண்ணீர் தேங்கினால் ஹீட்டரின் குழாய்கள் அதில் மூழ்கிச் சும்மா கிடக்கும்.

அண்ணன் முதலில் போனது கண்டென்சேட் டேங்குக்கு. எல்லா மெஷின்களின் தண்ணீரும் ஒரே லைனில் சேர்ந்து அங்கே திரும்புகிறது. டேங்கின் வென்ட் குழாயில் வெள்ளைப் புகையாக ஆவி எழுந்தது. கொஞ்சம் எழுவது இயல்பு. அவ்வளவு அழுத்தத்திலிருந்து திறந்தவெளிக்கு வரும் தண்ணீரில் 13 சதவீதம் மறுபடி ஆவியாகிவிடும். இங்கோ அது இரைந்துகொண்டிருந்தது. “இது தண்ணியில இருந்து வர்ற ஆவி இல்லீங்க. நேரா பாய்லர்ல இருந்து வருது.”

பிறகு மெஷின்களின் பின்பக்கம். இளம் இன்ஜினியர் வெப்பமானித் துப்பாக்கியை ஒவ்வொரு ட்ராப்பிலும் காட்டினார். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. கொதிநிலைத் தண்ணீருக்கும் ஆவிக்கும் ஒரே அழுத்தத்தில் ஒரே சூடுதான். துப்பாக்கியால் பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி, பிடியைக் காதோரம் எலும்பில் வைத்துக் கேட்டார். என்னிடமும் கொடுத்தார். நான்காவது ட்ராப்பில் மங்கலாக ஒரு முனகல், அவ்வளவுதான். மூன்றாவது ட்ராப்பைச் சுற்றிப் போகும் பைபாஸ் குழாயின் வால்வில் நிற்காத சீறல்.

அந்த வால்வைக் குனிந்து பார்த்தேன். மற்ற பைபாஸ் வால்வுகளின் கைச்சக்கரங்களில் பஞ்சுத் தூசி படிந்து, பெயின்ட் அப்படியே இருந்தது. இதில் மட்டும் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. நாள்தோறும் யாரோ திருகியிருக்கிறார்கள்.

திருகியவர் ஒடிசாவிலிருந்து வந்த ஆபரேட்டர் தம்பி. மறைக்கவே இல்லை. “ட்ராப்ல தண்ணி போகல அண்ணா. லாட் லேட் ஆகுது. அதான் தொறந்தேன்.”

திறந்ததும் அவருடைய மெஷின் வேகமாகச் சூடேறியது உண்மை. ஆனால் அடங்காத ஆவி பொது லைனுக்குள் புகுந்து அதன் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. எதிரே அழுத்தம் நின்றால் பக்கத்து மெஷினின் தண்ணீர் எப்படி வெளியேறும்? நோய் மூன்றாவதில், வலி நான்காவதில்.

லைனை அடைத்து, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து, மூன்றாவது ட்ராப்புக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரைனரைக் கழற்றினார்கள். வலை முழுக்கச் செந்நிறத் துருச் சேறு. அடைப்பு அங்கே. கழுவிப் பூட்டி, பைபாஸை மூடியபின் மெயின் வால்வைத் திறந்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. கால் சுற்று, நிறுத்தம், காது. மறுபடி கால் சுற்று. ஆறிய குழாயில் கிடக்கும் தண்ணீரை வேகமாக வரும் ஆவி தூக்கி அடித்தால் வளைவும் வால்வும் பிளந்துவிடும். முன்கைத் தழும்பு அப்படி வந்ததுதான் என்றார். அவசரப்படுத்த யாரையும் விடவில்லை. குழாய் சூடேறி நீள்வதற்கும் நேரம் வேண்டும். 40 மீட்டர் லைன் 30-லிருந்து 170 டிகிரிக்குப் போனால் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும்.

அடுத்த லாட்டில் நான்காவது மெஷின் மற்றவற்றோடு சேர்ந்து 130-ஐத் தொட்டது. வென்ட்டின் இரைச்சலும் தணிந்தது.

ஆபரேட்டரைத் திட்டச் சிலர் கிளம்பினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ட்ராப் அடைத்ததைச் சொல்ல அவருக்கு ஆளில்லை. லாட் ஏன் லேட் என்று கேட்க மட்டும் ஆள் இருக்கிறார்கள். குழாய்களின் வரைபடம்கூட அங்கே இல்லை. மெஷின் கூடக்கூட இழுத்து ஒட்டிய லைன்கள் அத்தனையும் ஃபிட்டர் ஒருவரின் நினைவில்தான் இருக்கின்றன. அந்த நினைவுக்குச் சம்பளப் பட்டியலில் கட்டம் கிடையாது என்பது இந்தத் தொழிலின் பெரிய அநியாயம்.

அண்ணன் பைபாஸின் கைச்சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். “தண்ணி நின்னா எனக்குப் போன் பண்ணு கண்ணு. ராத்திரின்னாலும் சரி.” பிறகு முதலாளியிடம் திரும்பினார். இரண்டு மெஷின் இருந்த காலத்தில் போட்ட ஒன்றரை இஞ்ச் திரும்பு லைனில் இப்போது எல்லா மெஷின்களும் கொட்டுகின்றன. அதை மாற்றாமல் இது தீராது என்றார். முதலாளி செலவு கேட்டார். குழாய், ஃபிளாஞ்ச், கேஸ்கட், வெல்டர் கூலி என்று அண்ணன் ஒரு அட்டைத் துண்டில் எழுதத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பாய்லரை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.