மடங்க மறுத்த நாலாவது கால்

2023 ஆகஸ்டில், அமெரிக்காவில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு கிராண்ட் கேன்யன் போயிருந்தேன். அப்பப்பா, ஒன்றரை கிலோமீட்டர் ஆழம்! அடியில் கொலராடோ நதி நூலாகத் தெரிகிறது. தங்கியது தம்பி இரவல் வாங்கி வந்த வீட்டு வண்டியில். அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே. சரிவான இடத்தில் வண்டி சாயாமலிருக்க நாலு ஜாக்கிகள் கால் மாதிரி இறங்கி நிற்கும்.

கிளம்புகிற அன்று மூன்று ஏறிவிட்டன. ஒன்று மட்டும் பாதியில் தொங்கியது. "இப்படியே ஓட்டினா ரோட்டில் இடிச்சு உடைஞ்சிடும் அக்கா" என்றான் தம்பி. அதற்குள் அவன் பெண் வண்டிக்கு அடியில் தவழப் பார்த்தாள். பாய்ந்து இழுத்தேன். ஜாக்கியை நம்பி யாருமே அடியில் போகக் கூடாது.

குனிந்து பார்த்தால், முதல் நாள் மழையில் தெறித்த சேறு ஜாக்கித் தண்டில் காய்ந்திருந்தது. தம்பி எண்ணெய் தேடினான். "தையல் மெஷினைத் துடைக்காமல் எண்ணெய் விடுவோமாடா?" என்றேன்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியைத் தரை தொடாத அளவு இறக்கி, வெளியிலிருந்தே கையை நீட்டி ஈரத்துணியால் துடைத்தான். உலர்ந்ததும் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தான். கிரீஸ் தடவினால் மறுபடி மண் ஒட்டுமே! நாலைந்து முறை இறக்கி ஏற்றியதும் ஸ்பிரிங் இழுக்க, 'டக்'கென்று மேலே போய்விட்டது.

"அக்கா, நீயே மெக்கானிக்!" என்றான். துடைக்கும் துணிக்கு அமெரிக்காவிலும் மவுசுதான்!