இடது இறக்கை இத்தாலி, வலது இறக்கை ஸ்பெயின்

மியூனிக்கிலிருந்து வடக்கே எஸ்1 ரயிலில் போனால் ஓபர்ஷ்லைஸ்ஹைம் வரும். அங்கே இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பழைய அரண்மனையைப் பார்க்க வந்தவர்கள். நான் அரண்மனையைத் தாண்டி நடந்தேன். 1912-இல் பவேரிய ராணுவத்தின் விமானிகளுக்காகத் தொடங்கிய விமானத்தளம் அதன் பின்புறம் இருக்கிறது. பழைய பணிமனை இப்போது டாய்ச்சஸ் மியூசியத்தின் கிளை. உள்ளே நிற்கிறது யூரோஃபைட்டரின் முதல் மாதிரி விமானம், டிஏ1.

போர் விமானத்தை வானத்தில் காதடைக்கப் பார்ப்பது வேறு, தடுப்புக் கயிற்றருகே நின்று பார்ப்பது வேறு. பக்கவாட்டில் 98, 29 என்ற எண்கள். நடுவே ஜெர்மானியச் சிலுவை. காற்றை உள்ளிழுக்கும் அகன்ற வாய் வயிற்றுக்கு அடியில். விமானி அறைக்குக் கொஞ்சம் முன்னே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன முன்சிறகுகள். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றைத்தான். இந்த விமானத்தை வேண்டுமென்றே நிலைகொள்ளாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். அப்போதுதான் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். கணினிகள் ஓயாமல் முன்சிறகுகளை அசைத்து அசைத்துத்தான் இதை நேராகப் பறக்க வைக்கின்றன. கணினி கைவிட்டால் எந்த விமானியாலும் பிடித்து நிறுத்த முடியாது.

1994 மார்ச் 27 அன்று ஜெர்மனியின் மான்ஷிங்கிலிருந்து இதை முதன்முதலாக எழுப்பியவர் பீட்டர் வேகர். இதற்கென்று உருவாகிவந்த ஈஜே200 எஞ்சின் அன்றைக்குக் கைக்கு வரவில்லை. டொர்னாடோ என்ற பழைய போர் விமானத்தின் எஞ்சின்களை மாட்டித்தான் பறக்கவிட்டார்கள்.

ஆனால் பறந்ததைவிடப் பெரிய வித்தை, பங்கு போட்டது. நம் ஊரில் அப்பா கட்டிய வீட்டைத்தான் பாகம் பிரிப்பார்கள்; இதைச் செய்த நான்கு நாடுகளும் பிரித்துவிட்டுக் கட்டின. யார் எத்தனை விமானம் வாங்குகிறார்களோ அந்த அளவுக்கு வேலை. முதல் கணக்கு 765 விமானங்கள்: பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் தலா 250, இத்தாலிக்கு 165, ஸ்பெயினுக்கு 100. மூக்குப் பகுதியும் வால் துடுப்பும் பிரிட்டனில், நடு உடல் ஜெர்மனியில், இடது இறக்கை இத்தாலியில், வலது இறக்கை ஸ்பெயினில். இறக்கை உடலோடு சேரும் இடத்தைக் குனிந்து குனிந்து பார்த்தேன். நாடுகளின் எல்லைக்கோடு எதுவும் கண்ணில் படவில்லை.

தொடக்கத்தில் பிரான்சும் கூட இருந்தது. எடை குறைவாக, விமானந்தாங்கிக் கப்பலிலும் இறங்கக்கூடியதாக வேண்டும், தலைமையும் தனக்கே வேண்டும் என்றது. 1985-இல் விலகிப்போய்த் தனியாக ரஃபேலைச் செய்தது. 2012-இல் இந்தியா 126 போர் விமானங்கள் வாங்க நடத்திய போட்டியில் கடைசிவரை நின்றவை இந்தப் பங்காளிகளின் விமானங்கள் இரண்டும்தான், தேர்வானது ரஃபேல். 2024 ஆகஸ்டில் இந்திய விமானப்படையின் 'தரங் சக்தி' பயிற்சிக்காக இரண்டுமே கோவைக்குப் பக்கத்தில் சூலூருக்கு வந்து இறங்கின. பிரிந்துபோனவர்கள் நம் ஊர் ஓடுதளத்தில் ஒன்றாக நின்றதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பிரான்ஸ் போன சில ஆண்டுகளில், சோவியத் யூனியன் கலைந்ததும் ஜெர்மனிக்கே மனம் மாறியது. 1992-இல் பாதுகாப்பு அமைச்சர் ஃபோல்கர் ரூயே, இவ்வளவு விலையில் இது வேண்டாம் என்றார். பேசிப் பேசி, செலவைக் குறைத்து, யூரோஃபைட்டர் 2000 என்று பெயர் மாற்றித் திட்டத்தைக் காப்பாற்றினார்கள். மொத்தம் 620 ஆனது. ஜெர்மனி 180-க்கு இறங்கியதும் வேலைப் பங்கும் இறங்கியது, பிரிட்டனின் பங்கு ஏறியது.

இறுதியாகப் பூட்டுவதற்கு மட்டும் நாட்டுக்கு ஒன்றாக நான்கு இடங்கள்: மான்ஷிங், வார்ட்டன், கசேல்லே, கெத்தாஃபே. ஒரே தொழிற்சாலை போதாதா என்று கணக்குப்பிள்ளை கேட்பார். நியாயம்தான். ஆனால் மான்ஷிங்கில் வேலை இல்லையென்றால் ஜெர்மன் நாடாளுமன்றம் எதற்குப் பணம் ஒதுக்கும்? செலவைக் கூட்டியதும் இந்தப் பங்கீடுதான், 1992-இல் திட்டத்தைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த தலைமுறை விமானத்துக்கு ஆட்கள் அணி மாறிவிட்டார்கள். பிரிட்டனும் இத்தாலியும் 2022-இல் ஜப்பானோடு கைகோத்தன. ஜெர்மனியும் ஸ்பெயினும் சேர்ந்தது, வேறு யாரோடு, பிரான்சோடுதான். தலைமை யாருக்கு என்று பிரான்சின் டசோ நிறுவனமும் ஜெர்மனி, ஸ்பெயின் தரப்பின் ஏர்பஸ்ஸும் முட்டிக்கொள்ள அதிக நாளாகவில்லை.