பரீட்சையும் பாஷையும்

காரைக்கால் பிரதேசத்தில் 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக் கொடி பறந்தது. அந்நாளில் உத்தியோகம் வேண்டியவர்கள் பிரெஞ்சு படித்தார்கள். இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கொடி இறங்கினாலும் பரீட்சை இறங்குவதில்லை போலும்!

வரிச்சிக்குடியில் மாலை வேளைகளில் நாம் பயிற்சி அளித்துவரும் அந்தப் பரீட்சைக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்று பெயர். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 9 வரையில் தரம் உண்டு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு பெற விரும்புகிறவள் இதை எழுதினால், எழுத்தில் 6.5-ம் மற்ற மூன்றில் 7-ம் பெறவேண்டும். அரை எண் குறைந்தால் மறுபடியும் பல ஆயிரம் ரூபாய் கட்டணம். அந்த அரை எண்ணுக்காக அடகுக் கடைக்குப் போன வளையல்களை நாம் அறிவோம்.

இவ்வளவு பணயம் வைத்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். பேச்சுப் பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, 1 நிமிஷம் யோசிக்கச் சொல்லி, 2 நிமிஷம் வரை பேச விடுவது வழக்கம். "உனக்குப் பிடித்த இடம் எது?" என்று ஒரு மாணவியைக் கேட்டோம். பாரிஸ் நகரத்து ஐபல் கோபுரத்தை மூச்சு விடாமல் வர்ணித்தாள்.

"பார்த்திருக்கிறாயா, அம்மா?"

"இல்லை, சார். புத்தகத்தில் இருக்கிறது."

"சரி, நீ பார்த்த இடத்தைத் தமிழில் சொல்லு" என்றோம். ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து, நட்ட வயலெல்லாம் நீரில் மூழ்கிய இரவைச் சொன்னாள். அரிக்கன் விளக்குடன் வரப்பில் நின்ற தாத்தாவைச் சொன்னாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் செய்தோம். வினைச்சொற்கள் தடுமாறின, ஆனால் பேச்சு அவளுடையதாக இருந்தது. தடுமாறும் வினைச்சொல்லைத் திருத்திவிடலாம். இரவல் பேச்சையோ, பரீட்சகர் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுகொள்வார். அதற்கேற்பத் தரமும் குறையும்.

அந்நிய பாஷையைக் கற்கும் வழிக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. வடக்கே சில மைல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் தமிழ் எழுத்துக்களை எழுதிப் பழகினார். காது கொடுத்துக் கேட்டார், கூசாமல் பேசினார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழ் கற்றதனால் அவர் தம் தாய்மொழியை மறந்துவிடவில்லை.

நம் வீடுகளிலோ, ஆங்கிலம் வரவேண்டுமென்று தமிழில் பேசும் குழந்தையை அதட்டுகிறோம். எழுத்துப் பகுதியில், ஒரு விஷயத்தைப் பற்றிய அபிப்பிராயத்தைக் காரணத்தோடு 250 வார்த்தைகளுக்குக் குறையாமல் எழுதவேண்டும். "பெரியவர்கள் பேசும்போது வாயை மூடு" என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, இருபது வயதில் அபிப்பிராயத்துக்கு எங்கே போகும்?

ஆகவே, பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இரவு சாப்பாட்டு வேளையில் குழந்தையிடம் அன்றைய சமாசாரத்தைத் தமிழிலேயே கேளுங்கள். அது ஏதேனும் சொன்னால், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று மேலும் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. இலக்கணத்தையும் உச்சரிப்பையும் பிற்பாடு எம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் பார்த்துக்கொள்கிறோம்.