பலகைத் தளமும் மாரிக்காலமும்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே தரை என்றால் முன்னாளில் சாணம் மெழுகிய மண்தரை. பின்னர் சீமெந்துத் தரை. இப்பொழுது முகம் பார்க்கலாம்போல் மினுங்கும் மாபிள் தரை. மரத்தைக் கூரையிலும் கதவு நிலையிலும் வைத்தார்களேயன்றிக் காலின்கீழ் வைத்தவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் என் பாட்டனாரும் ஒருவர். மலாயா றெயில்வேயில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்தவர், வலிகாமத்தில் தாம் கட்டிய மாடிவீட்டின் மேல்தளத்துக்கு முதிரைத் தீராந்திகளைப் போட்டு, அவற்றின்மேல் தேக்கம் பலகைகளை ஒன்றன் நாக்கு மற்றதன் காடிக்குள் பொருந்துமாறு பரப்புவித்தார்.

அத்தளத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து மக்கள் எல்லாரும் இரவோடிரவாகப் புறப்பட்டபோது நாங்களும் புறப்பட்டோம். மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தால் கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, ஓட்டுக் கூரையிற் பாதி இல்லை. ஒரு மாரி முழுவதும் மழையைத் தாங்கிய பலகைத் தளம் மாத்திரம் நரைத்துப்போய்க் கிடந்தது. அன்றுமுதல் அம்மா "வீடு" என்று சொல்லும்போது பெரும்பாலும் அந்தத் தளத்தையே சொல்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

2024 நவம்பர் இறுதியில் குடாநாட்டையே வெள்ளக்காடாக்கிய பெருமழை எங்கள் கூரைக்கு ஒரு குறையும் செய்யவில்லை. வந்த கேடு உள்ளிருந்து வந்தது. ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினோம். அதற்கிடையில் மேல்மாடிக் குளியலறையின் தாங்கிக் குழாய் பொருத்து விட்டிருந்தது. தளத்தின் மேல் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தும்புக்கட்டையும் சீலையும் வாளியுமாக இரவு முழுவதும் ஒற்றியெடுத்தோம்.

நான்காம் நாள் மேற்பரப்பு உலர்ந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பலகையும் நடுத் தாழ்ந்து, இரு விளிம்பும் உயர்ந்து, தோணியின் உட்புறம்போல் வளைந்திருந்தது. வெறுங்காலுடன் நடந்தால் வரப்பு வரப்பாகத் தட்டுப்படும். பார்க்க வந்த மேசன், பலகை முழுவதையும் பிடுங்கிவிட்டுக் கொங்கிறீற்று போட்டுவிடலாம் என்றார். ரொறன்ரோவிலிருந்து பேசிய அண்ணனும், "அவர் சொல்லுறதுதான் சரி, காசு நான் அனுப்புறன்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரும் சங்கடமாயிற்று.

முடிவு சொல்ல முன்னர் வயது முதிர்ந்த ஒரு தச்சாசாரியாரை அழைத்து வந்தேன். அவர் குந்தியிருந்து ஒரு பலகையை விரல் மடக்கித் தட்டினார். பிறகு கீழறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். "தம்பி, மேல் காஞ்சுபோச்சு, அடி இன்னும் குடிச்சுக்கொண்டிருக்குது" என்றார். தீராந்திகளை மறைத்துப் பின்னாளில் அடிக்கப்பட்ட மெல்லிய சீலிங் தகடுகளே அதற்குக் காரணம். பொருத்துகளால் இறங்கிய தண்ணீர் அவற்றின்மேல் தேங்கி நின்றது.

மரம் வெட்டுண்டபின்னும் நீரை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. உலர்ந்த மரத்தின் எடை நூறு என்றால் அதனுள் இருக்கும் நீர் எத்தனை பங்கு என்பதே மரத்தின் ஈரக் கணக்கு. ஏறத்தாழ 28 முதல் 30 பங்கு வரை நீர் நாரின் சுவர்களுக்குள் ஏறும். அதுவரை மரம் வீங்கிக்கொண்டே போகும். அதற்குமேல் வரும் நீர் வெற்றிடங்களை நிரப்புமேயன்றி வீக்கத்தைக் கூட்டாது. இந்த வீக்கமும் நீளப்பாட்டில் இல்லையென்றே சொல்லலாம், அகலப்பாட்டிலேதான். பச்சைத் தேக்கு முற்றாக உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கிலே நூற்றுக்கு 6 அளவும், வளையங்களுக்குக் குறுக்கே 2.5 அளவும் சுருங்கும். அடி வீங்கி மேல் சுருங்கினால் பலகை தோணியாகாமல் வேறென்ன ஆகும்? ஆகவே வளைவு என்பது மரம் கெட்டுவிட்டதற்கு அடையாளமன்று. அடியும் மேலும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதற்கே அடையாளம்.

சீலிங் தகடுகளை அன்றே கழற்றினோம். கொழும்பிலிருந்து இரண்டு ஊசி கொண்ட சிறிய ஈரமானி ஒன்றை வருவித்தேன். முதலில் நனையாத அறையின் பலகையில் குத்திப் பார்த்தபோது 16 காட்டியது. அதுவே எங்களுக்கு உரைகல். நனைந்த பகுதியில் 24, 27, சில இடங்களில் 30க்கு மேல். எண்களைச் சுண்ணக்கட்டியால் பலகைமேலேயே எழுதி வைத்தேன். ஆசாரியாருக்கோ கருவியைவிடத் தம் குத்தூசியிலேயே நம்பிக்கை. சுவருக்குள் புகும் தீராந்தித் தலைப்புகளையே அவர் அதிகம் சோதித்தார். உளுத்தல் அங்கேதான் முதலில் தொடங்கும். கறையானும் அந்த ஈரத்தைத் தேடித்தான் வரும். நல்லவேளையாக முதிரை குத்தூசிக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆணிகளைச் சுற்றி நீலக்கறுப்பாக வட்டங்கள் தோன்றியதைக் கண்டு அம்மா அது பூஞ்சணம் என்று பயந்தார். அது பூஞ்சணமன்று. முன்னாளில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள் அல்லவா? மரத்தின் துவர்ப்பும் இரும்பாணியும் தண்ணீரில் கூடிச் செய்ததும் அதே மைதான்.

உலர்த்துவதென்றால் யன்னல்களைத் திறந்துவிடுவதுதான் என்று நம்மவர் எண்ணுவர். மாரியில் அது பாதி உண்மை. காற்றின் ஈரப்பதன் 65 ஆனால் நமது வெப்பத்தில் மரம் ஏறத்தாழ 12 பங்கு நீரோடு அமையும். 80 ஆனால் 16. 90 ஆனால் 20. வாடைக்காற்று வீசும் மார்கழி இரவில் யன்னலைத் திறந்துவைப்பது காய்ந்த பலகைக்கும் தண்ணீர் வார்ப்பதற்கு ஒப்பு. பகலில் வெயில் எறித்த மணித்தியாலங்களில் மாத்திரம் திறந்தோம். இரவில் அடைத்துவிட்டு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மின்விசிறிகளைத் தளத்தோடு ஒட்டி ஓடவிட்டோம். சூடுகாட்டும் யோசனையை ஆசாரியார் அடியோடு மறுத்தார். விரைந்து காயும் மரம் வெடிக்கும்.

மேற்குநாடுகளில் பலகையைச் சீமெந்தின்மேலோ ஒட்டுப்பலகையின்மேலோ பதித்துவிடுவதால் அடிப்பக்கம் மூச்சுவிட வழியில்லை. அங்கே இயந்திரம் வைத்து ஈரத்தை உறிஞ்சவேண்டும், பல வேளை பிடுங்கவும் வேண்டும். அண்ணன் அங்குள்ள வழக்கத்தைச் சொன்னார்; அவர்மேற் குற்றமில்லை. எங்கள் தளத்துக்கு இரண்டு முகம் உண்டு.

தைப்பொங்கலன்று 22, தை முடிவில் 18. வரப்புகள் தாமாகவே தாழத் தொடங்கின. இந்தக் கட்டத்தில் சீவுளி போட்டு மட்டமாக்கிவிடலாமே என்ற ஆசை எவருக்கும் வரும். உயர்ந்த விளிம்பைச் சீவிவிட்டால் அடி காய்ந்து பலகை நிமிரும்போது விளிம்பு பள்ளமாகி நடு முதுகு கூனிநிற்கும். வல்வெட்டித்துறையில் மரக்கலம் கட்டியவர்களும் மரத்தின் இவ்வியல்பை அறிந்தே கலப்பற்று அடித்தார்கள். தண்ணீரில் இறங்கியதும் பலகை வீங்கித் தன் பொருத்தைத் தானே இறுக்கிக்கொள்ளும். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை சென்றது.

மாசி பிற்பகுதியில் நனைந்த இடமும் நனையாத இடமும் ஒரே எண்ணைக் காட்டின: 14. நாற்பத்தொரு பலகைகளுள் மூன்றே தேறவில்லை, நாக்குப் பிளந்துபோயிற்று. அவற்றுக்குப் பழைய கட்டிடமொன்றின் தேக்கை வாங்கி இழைத்துப் பொருத்தினோம். ஆணிக்குப் பதிலாகப் பித்தளைத் திருகாணி. நிறம் ஒத்துவரவில்லை என்று அம்மா குறைபட்டுக்கொண்டே அந்த மூன்றின் மேலும் எண்ணெய் தேய்த்தார்.

பங்குனி வெயிலில் பலகைகளுக்கிடையே ஒரு காசு நுழையுமளவு இடைவெளி கண்டது. மக்குப் பூசி அடைக்கலாமா என்று அண்ணன் கேட்டார். ஆசாரியார் வேண்டாமென்றார்; வரும் மாரிக்கு மரத்துக்கு அந்த இடம் தேவைப்படும்.