காய்க்காத ஜூனிப்பர்

ஸ்காட்லாந்தின் பிரேமர் ஊருக்குப் பக்கத்தில் மோரோன் பர்க்வுட் என்றொரு பிர்ச் காடு. மரங்களுக்கு அடியில் ஜூனிப்பர் புதர்கள் மண்டிக் கிடக்கும். ஒரு புதரில் கருநீலக் காய்கள் அப்பியிருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் இன்னொன்றில் பெயருக்கு ஒன்றுகூட இராது. மண்ணும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். காய்க்காதது மலடில்லை, ஆண் என்று எந்தத் தாவரக் கையேடும் சொல்லிவிடும். அதை முதலில் கண்டுகொண்டவர்கள் எதை வைத்துக் கண்டுகொண்டார்கள்? அந்தக் கேள்வி என்னைப் பழைய நூல்களுக்குள் இழுத்துப் போனது.

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் ஆண் மரம், பெண் மரம் என்று நிறைய எழுதியிருக்கிறார். ஆனால் பெரும்பாலும் காய்ப்பது பெண், காய்க்காதது ஆண் என்பதே அவர் அளவுகோல். பேரீச்சையில் மட்டும், ஆண் பாளையின் தூளைப் பெண் பாளைமேல் உதறும் வழக்கத்தைக் குறித்து வைத்தார். அந்தத் தூள் மற்றச் செடிகளிலும் அதே வேலையைத்தான் செய்கிறது என்று உணர ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பிடித்தன.

1682இல் இங்கிலாந்தின் நெகமையா குரூ, மகரந்தத் தாள்களே ஆண் உறுப்பு என்று எழுதினார். எழுதியதோடு சரி. சோதித்துப் பார்த்தவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து ருடால்ஃப் கமராரியஸ். ஆண் மரம் அருகில் இல்லாத பெண் முசுக்கொட்டை பழுத்ததையும், அந்தப் பழத்து விதைகள் வெறும் கூடாக இருந்ததையும் அவர் பார்த்தார். பிறகு ஆமணக்கின் ஆண் மொட்டுகளைப் பிரியும் முன்பே கிள்ளி எறிந்தார். காயின் கூடு வந்தது, முளைக்கும் விதை வரவில்லை. இதையெல்லாம் 1694இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதி வெளியிட்டார். இந்தத் தேடலில் என்னை அதிகம் அசைத்தவர் அவர்தான். காய் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தியடையாமல், காயை உடைத்து உள்ளே பார்த்த மனிதர்.

1753இல் லின்னேயஸ், ஆணும் பெண்ணும் வெவ்வேறு செடியில் இருக்கும் தாவரங்களுக்கான 22ஆம் வகுப்பில் ஜூனிப்பரைச் சேர்த்தார். இன்னொரு உண்மை பாக்கியிருந்தது. ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸில் பிறந்த ராபர்ட் பிரவுன், 1825இல் லண்டன் லின்னியன் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், ஊசியிலை மரங்களின் சூல்களுக்குச் சூலகம் என்ற உறை கிடையாது, அவை திறந்தே இருக்கின்றன என்று விளக்கினார். அப்படியானால் ஜூனிப்பரின் நீலக் காய் பழமில்லை, சதைப்பற்றாகிவிட்ட கூம்பு.

படித்ததைக் கண்ணால் பார்க்க மே மாதம்தான் சரி. ஆண் புதரில், முள்போன்ற இலைகளின் கக்கத்தில் 2, 3 மி.மீ. நீளத்தில் மஞ்சள் கூம்புகள் இருக்கும். கிளையைத் தட்டினால் மகரந்தம் புகையாக எழும். பெண் கூம்பைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். அதே கக்கத்தில் இலைமொட்டென்று நினைக்கத்தக்க ஒரு பச்சை மொட்டு. லென்ஸை வைத்தால் நுனியில் மூன்று சூல்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு திரவத் துளி மின்னும். காற்றில் வரும் மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ள, துளி உள்ளே வற்றும்போது மகரந்தத்தையும் இழுத்துக்கொள்கிறது. பிரவுன் சொன்ன திறந்த சூல் இதுதான். நான் அங்கேயே வெகுநேரம் மண்டியிட்டிருந்தேன்.

கருவுறுவதோ அடுத்த ஆண்டுதான். சூல்களைச் சுற்றியுள்ள மூன்று செதில்களும் சதை பிடித்து ஒன்றாகிக் கூடிவிடும். கூடிய இடம் காயின் தலையில் மூன்று கோடாகத் தெரியும். பச்சை நீலமாக மொத்தம் ஒன்றரை ஆண்டுக்கு மேலாவதால், பெண் புதரில் பச்சைக் காயும் நீலக் காயும் சேர்ந்தே நிற்கும்.

ஆண் கூம்புகளோ மகரந்தம் தீர்ந்ததும் உதிர்ந்துவிடும். அதனால் இலையுதிர் காலத்தில் காயில்லாத புதரைப் பார்த்த மாத்திரத்தில் ஆண் என்று முடிவுகட்ட முடியாது. அந்த ஆண்டு காய்க்காத பெண்ணாகவும் இருக்கலாம். தியோபிராஸ்டஸின் அளவுகோல் தடுக்குவது இங்கேதான். இளஞ்செடியென்றால் சுத்தமாக வழியில்லை. பாளை விடாத பனையைப் போல, கூம்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்று இந்த அடையாளம் அவசரத் தேவை. பிரிட்டனில் பல இடங்களில் கிழட்டுப் புதர்களே மிஞ்சியிருக்கின்றன, நாற்றுகள் அரிது. வேரழுகச் செய்யும் ஃபைட்டோப்தோரா ஆஸ்ட்ரோசெட்ரி என்ற நோய்க்கிருமியும் 2011இல் அங்கே ஜூனிப்பரில் கண்டறியப்பட்டது. கிளையை நறுக்கி வேர்விட வைத்துப் புதுப் புதர்களை வளர்க்கலாம். ஆனால் ஆணிலிருந்து நறுக்கியது ஆணாகவே வளரும், பெண்ணிலிருந்து நறுக்கியது பெண்ணாகவே வளரும். இரண்டையும் எடுக்க வேண்டுமானால், மஞ்சள் கூம்பு தெரியும் மே மாதத்திலேயே ஆண் புதர்களுக்கு அடையாளம் கட்டிவைக்க வேண்டும்.