300 ஓம்... ஓம் சாந்தி!

நல்ல ஹெட்போன் வாங்கினால் நல்ல பாட்டு கேட்கலாம் என்று நம்பிய அப்பாவி நான். மாப்பிள்ளையூரணிக்கு பார்சல் வந்தது. செல்போனில் செருகினால், பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார்!

"300 ஓம் மின்தடை சார். போன் தர்ற வோல்டேஜ் பத்தாது. ஆம்ப்ளிஃபயர் வேணும்... கூடவே டி.ஏ.சி.!" என்றார் நண்பர்.

பூஜ்யம், ஒன்று கணக்கை ஒலியாக மாற்றுவது டி.ஏ.சி.; அதற்குத் தெம்பு தருவது ஆம்ப்ளிஃபயர். ரெண்டின் விலையும் சேர்ந்து ஹெட்போனையே தாண்ட, என் பி.காம். மூளை விழித்தது. 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு சரி. அப்புறம் 384 கிலோஹெர்ட்ஸ் யாருக்கு, வௌவாலுக்கா? டி.ஏ.சி. சாதாரணம், ஆம்ப்ளிஃபயர் தெம்பானது என்று ஒரே டப்பாவாக வாங்கிவிட்டேன். கிணற்றிலிருந்து பாடகர் மேலேறி வந்தார்!

பெருமையாக அப்பா காதில் மாட்டினேன். சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த காது. கண்மூடிக் கேட்டவர், "ஏலே, ஜால்ரா சத்தத்தையே காணோமே?" என்றார்.

எனக்கு 'கிண்கிண்' என்று கேட்கிறதே! வயசானால் உச்ச ஸ்தாயிதான் முதலில் விடைபெறுமாம்.

அன்றிலிருந்து வால்யூமைக் குறைத்தே வைக்கிறேன். ஆம்ப்ளிஃபயர் போனால் வேறு வாங்கலாம். காதுக்கு ஏது கடை?