கண்டி: கேட்டுப் பார்க்க வேண்டிய ஊர்

காலை எட்டு மணிக்குக் குயின்ஸ் ஹோட்டலுக்கு எதிரே, வாவிக் கரை மதிலோரம் போய் நின்றால் கண்டியின் கதை பல பாஷைகளில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மன்காரர் ஒரு கூட்டம், பிரெஞ்சுத் தம்பதி, சீனக் குடும்பம். ஒவ்வொருவருக்கும் முன்னால் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு வழிகாட்டி. தமிழில் சொல்கிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சென்னையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற நம்மவர்கள் ஆங்கிலத்தில் கேட்டுத் தலையாட்டி, வாவியைப் பின்னணியில் வைத்துப் படமெடுத்து, பின்னேரமே நுவரெலியாவுக்கு வான் ஏறிவிடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்டியில் வண்டி ஓட்டுகிறவரே அநேகமாக வழிகாட்டியும். அவருடைய தடம் நெடுங்காலமாகப் போட்டுவைத்த தடம்: தலதா மாளிகை, மேலே ஆர்தர் சீட் மேட்டிலிருந்து ஒரு பார்வை, பேராதனைப் பூங்கா, இடையில் ஒரு இரத்தினக்கல் கடை, ஒரு பத்திக் துணிக்கடை, மாலை ஐந்து மணியளவில் கண்டிய நடனம். கடைகளில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அதனால் அங்கே நேரம் தாராளம், மற்ற இடங்களில் அவசரம். ஒரு நாளுக்கு முழுசாகப் பணம் கட்டித் தனியாக ஒருவரை அமர்த்துகிறவர்கள்கூட இந்தத் தடத்தைவிட்டு இறங்கச் சொல்வதில்லை. எங்கே இறங்குவது என்று தெரிந்தால்தானே சொல்ல?

ஐரோப்பாவின் பழைய தலைநகரங்களில் இந்தத் தொழில் வேறு மாதிரி நடக்கிறது. பிராக் நகரில் தனி வழிகாட்டியை அமர்த்தினால் கோட்டையையும் சார்ல்ஸ் பாலத்தையும் காட்டிவிட்டு, யோசெபோவ் என்ற பழைய யூதர் வட்டாரத்துக்கும் கூட்டிப்போவார். அங்கே வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் அந்த வட்டாரத்தை விட்டுவிட்டுப் பிராக்கின் கதையைச் சொல்ல அங்கே எந்த வழிகாட்டியும் துணிவதில்லை. கண்டியில் அது சாதாரணமாக நடக்கிறது. அரசரும் புத்தமும் ஒரு பக்கம், வெள்ளைக்காரரும் தேயிலையும் மறுபக்கம். நடுவில் இருந்த தமிழ் பேசியவர்களின் கதை வானின் கண்ணாடிக்கு வெளியே போய்விடுகிறது. இத்தனைக்கும் அது ஒளிந்துகொண்டு இல்லை. பாதி கால்நடைத் தூரத்தில் இருக்கிறது.

மாளிகையிலிருந்தே தொடங்கலாம். முழங்கால் மூடிய உடுப்பு, வெறுங்கால், கையில் ஒரு தட்டுத் தாமரையோ அலரியோ. பூசை நேரத்தில் கீழ் மண்டபத்தில் முழவும் ஹொரணையும் முழங்க, மேல்மாடியில் சனம் வரிசையில் நகரும். சந்நிதிக் கதவு திறந்திருக்கும் அந்தச் சில கணங்களில் தெரிவது தூபி வடிவிலான தங்கப் பேழை மட்டுமே. புத்தரின் தந்ததாது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேழைகளுக்குள் இருக்கிறது. நாம் பார்ப்பது ஆக வெளியே உள்ளதை. இதை முன்கூட்டியே சொல்லாத வழிகாட்டியிடம் சிக்கியவர்கள் ஏமாந்த முகத்தோடு இறங்கி வருவதைக் கண்டிருக்கிறேன்.

வழிகாட்டி சொல்லும் அரசர் பெயர்களில் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். 1739 முதல் 1815 வரை, எழுபத்தாறு வருடம், கண்டியை ஆண்ட நால்வரும் நாயக்கர்கள்: ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்த வழக்கத்தால், வாரிசில்லாமல் இறந்த அரசனின் மைத்துனனுக்கு முடி போனது. இவர்கள் தெலுங்கு வழி வந்தவர்கள், தமிழ் பேசியவர்கள், அரியணைக்காகப் புத்த சமயத்தைப் பேணியவர்கள். பேணியது பேருக்காக அல்ல. நாட்டில் முறையான உபசம்பதை என்ற முழுத் துறவற தீட்சை பெற்ற பிக்குகளே அற்றுப்போயிருந்த வேளையில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்தான். வாவியின் அக்கரையில் தெரியும் மல்வத்தை விகாரையில் அந்தப் பரம்பரை இன்றும் தொடர்கிறது. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலத்துக்கு முன்னால் தந்ததாது போக வேண்டும் என்று எசல பெரஹராவுக்கு இன்றைய ஒழுங்கைத் தந்ததும் அவன் காலத்தில்தான். உலகம் முழுவதிலுமிருந்து ஆள்வந்து பார்க்கும் அந்தப் பெரஹராவில் முருகனும் கண்ணகியும் உடன் போகிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் போதும். யானை எண்ணுவதை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள்.

கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனுக்கு நம்மவர் சிலர் ‘தமிழ் மன்னன்’ என்று மாலை போடுகிறார்கள். மற்றப் பக்கத்தில் அவனைக் கொடுங்கோலன் என்று மட்டும் படிப்பிக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சௌகரியமான கதை. வயலாய்க் கிடந்த நிலத்தை வாவியாக்கி, தேவேந்திர மூலாச்சாரி என்ற கைதேர்ந்த கம்மாளனைக் கொண்டு எண்கோண மண்டபத்தையும் முகில் மதிலையும் எழுப்பி, இன்றைக்குப் பட அட்டையில் தெரிகிற கண்டிக்கு முகம் கொடுத்தவன் அவன்தான். அந்த மதிலின் முக்கோணக் குழிகளில் விளக்கேற்றும் இரவுகளில் அதன் அழகே தனி. வாவி வெட்ட ஊழியம் என்ற பெயரில் சனத்தை வாட்டியவனும் அவனே. பிரிட்டிஷாரோடு சேர்ந்த பிரதானி எகலப்பொலையின் மனைவி மக்களைக் கொன்றதை எந்த மாலையாலும் மூட முடியாது.

மாளிகையை ஒட்டி மரத்தூண்களோடு நிற்கிறது மகுல் மடுவ, அரச சபை மண்டபம். 1815 மார்ச் 2ஆம் திகதி ஆளுநர் பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் ஒப்பந்தம் வைத்துக்கொண்ட இடம். பிரதானிகள் சிலரின் கையொப்பத்தில் தமிழ் எழுத்து இருப்பதைச் சொல்லி நாம் பெருமைப்படுவது வழக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தின் வாசகம். அரசனைப் பதவி நீக்கியதோடு அது நிற்கவில்லை. அவன் வம்சத்துக்கு இனி என்றைக்கும் அரியணையில் உரிமையில்லை. அவனுடைய ஆண் உறவினர் அனைவரும் பகைவர். அனுமதியின்றிக் கண்டி நாட்டுக்குள் கால் வைத்தால் மரண தண்டனை. அந்த மண்டபத்தில் நின்று கேட்டால் இது வெறும் சட்டப் பிரிவாகப் படாது. ஏனென்றால் அந்த உறவினர்கள் குடியிருந்த தெரு நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கிறது. மலபார் வீதி என்ற பெயர்ப்பலகை இன்றும் உண்டு. வீடுகளில் அன்றைய அடையாளம் எதுவும் இல்லை. வழிகாட்டிகள் காட்டாததற்கு அது ஒரு காரணமாயிருக்கலாம். தெருவைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அங்கே நிற்காமல் மகுல் மடுவவின் கதை முடியாது.

அரசனை அதே வருடம் பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவர மலைப்பக்கத்தில் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். 1816இல் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். பாலாற்றங்கரையில் தமிழ்நாடு அரசு 1990இல் எழுப்பிய முத்து மண்டபம் அவன் கல்லறை மேல்தான். அவனை வீழ்த்திய சூத்திரதாரி ஜோன் டொய்லி கண்டியிலேயே இருக்கிறார். சிங்களம் கற்று, ஒற்றர்களை வைத்து, பிரதானிகளை ஒவ்வொருவராகக் கழற்றியெடுத்த அந்த அதிகாரி 1824இல் இறந்து, மாளிகைக்குப் பின்னால் மேட்டில் உள்ள பிரிட்டிஷ் காவற்படைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். டொய்லிக்குக் கண்டியிலும் கண்டியரசனுக்கு வேலூரிலும் சமாதி அமைந்ததைச் சொல்லிக் காட்டும் வழிகாட்டி கிடைத்தால் அவருக்குக் கேட்ட கூலியோடு கொஞ்சம் சேர்த்தே கொடுக்கலாம்.

ஊருக்குள் இறங்கினால் கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவில், மீரா மக்காம் பள்ளிவாசல், கொழும்பு வீதிக் கடைகள். இந்தத் தெருக்களின் மகன் ஒருவரை நாம் சரியாகக் கொண்டாடவில்லை. 1838இல் கண்டியில் பிறந்த சித்தி லெப்பை வழக்கறிஞர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாக அதைத்தான் சொல்கிறார்கள். எகிப்தில் பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்று 1883இல் இங்கே நாடுகடத்தப்பட்ட அராபி பாஷா பின்னாளில் கண்டியில் வசித்தார். இருவரும் சேர்ந்து முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்தார்கள். பாஷாவின் நினைவில்லம் ஹல்லொலுவ வீதியில் இருக்கிறது. அரசனை வெளியே அனுப்பிவிட்டு வேறொரு நாட்டுக் கைதியை உள்ளே கொண்டுவந்து வைத்த சாம்ராச்சியத்தின் கணக்கு விசித்திரமானதுதான்.

வழிகாட்டிகள் பேச விரும்பாத பக்கமும் உண்டு. அதை நாமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1983 ஜூலையில் இந்த ஊரின் தமிழ்க் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் குண்டு வண்டி மாளிகை வாசலில் வெடித்து வழிபட வந்த சனத்தைக் கொன்றது. மாளிகைக்கு முன்னால் வாகனம் போகாமல் வீதி மூடப்பட்டது அதனால்தான். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கங்களில் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளியும் எரிந்தன. ஊரைத் தூய்மையாக வைத்திருக்கும் மாநகரசபைத் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக மகியாவையில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். அங்கே யாரையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போக வேண்டாம். கண்டி சுத்தமான ஊர் என்று மெச்சுகிறபோது அவர்களை நினைத்தால் சரி.

பேராதனைப் பூங்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மகாவலி வளைத்துப்போகும் 147 ஏக்கர், 1821இலிருந்து தாவரவியற் பூங்கா, போனால் அரை நாள் போய்விடும். அதற்கு அடுத்துள்ள பல்கலைக்கழகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோவில். கீழே, 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ கூத்துகளை மேடையேற்றிய வளாகம். மட்டக்களப்பின் வட்டக்களரிக் கூத்து படித்தவர் மத்தியில் மதிப்புப் பெற்றது இங்கிருந்துதான்.

ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தை எல்லோரும் காட்டுவார்கள். இயந்திரங்களும் தேயிலைத் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கே நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து, வழியில் மடிந்தவர் போக மிஞ்சியவர்கள் முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் வளர்த்த கதையை அறிய, கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்திலுள்ள தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்பின் அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னார்க் கோச்சி ஏறித் திரும்பிப் போனதும் இந்த மலைகளிலிருந்துதான்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது லங்காதிலகத்தை. கொழும்புக்குப் போகும் நெடுஞ்சாலையில் பிலிமத்தலாவையில் திரும்பினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்க மூன்றும் ஒரே சுற்றில் வரும். ஒருமுறை உறவினரோடு போனபோது ஓட்டோக்காரத் தம்பி, “அங்க எதுக்கு ஐயா? எல்லாரும் எம்பக்கத் தூண பாத்திட்டுத் திரும்பிருவாங்க” என்றார். எம்பக்கவின் மரச் செதுக்கல் அருமைதான். ஆனால் கடலாதெனிய 1344இல் கணேஸ்வராச்சாரி என்ற தென்னாட்டுச் சிற்பி எழுப்பிய கருங்கல் விகாரை. படியேறும்போதே தமிழ்நாட்டுக் கோவிலொன்றின் அர்த்தமண்டபத்துக்குள் நுழைவதாகத் தோன்றும். அதே காலத்து லங்காதிலகம் செங்கல்லால் ஆனது, சிற்பி பெயர் ஸ்தபதி ராயர். உள்ளே புத்தர், வெளிச்சுற்றில் உபுல்வன், சமன், விபீடணன் ஆகியோரோடு கணபதியும் கந்தகுமாரனும். விகாரை நிற்கும் அதே பாறையில் நான்காம் புவனேகபாகு காலத்துச் சாசனம் வெட்டியிருக்கிறது: சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. விகாரை எழுந்ததையும் அதற்கு நிலம் விட்டதையும் இரு மொழியாருக்கும் தெரியப்படுத்த ஓர் அரசு 14ஆம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடு. இன்று அரச அலுவலகமொன்றில் தமிழ்ப் படிவம் கேட்டு நிற்பவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்.

ஆகவே வழிகாட்டியை அமர்த்தும்போதே பேசிக்கொள்ளுங்கள். சுற்றுலா அதிகாரசபையின் அனுமதி அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கடைகள் வேண்டாம், அதற்குப் பதில் மலபார் வீதியும் கல்லறைத் தோட்டமும் லங்காதிலகமும் வேண்டும் என்று சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அவர்களே காட்டத் தொடங்குவார்கள். லங்காதிலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது.